சனி தொடாத தொண்டர் படை

உலக நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் பிறந்தவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆற்றில் கால் வைக்காமலே ஆற்றைச் சுத்தம் செய்யும் நாகரிகம் எந்தக் கரையில் பிறந்தது என்று மட்டும் ஒரு வாத்தியாரும் சொல்வதில்லை. அது காரைக்கால் பக்கத்து நூலாற்றங்கரையில், எண்பத்திரண்டாம் வருஷத்து ஐப்பசியில் பிறந்தது. பிறந்தபோது பக்கத்தில் நின்றவள் லோகாம்பாள். பாவம், அவளுக்கு அதன் அருமை தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன்னுடைய மூன்று மா வயல்தான்.

அந்த வருஷம் சனிப்பெயர்ச்சி. பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டால், பிடித்த சனியும் துணியோடு போய்விடும் என்பது ஐதீகம். சனீஸ்வரன் கோயில் குளத்தில் இடம் கிடைக்காதவர்கள் நூலாற்றில் முழுகினார்கள். சனி போனாரோ என்னவோ, துணி போகவில்லை. வேட்டி, புடவை, பாவாடை, ஜிப்பா என்று சகலமும் மிதந்து வந்து, லோகாம்பாள் வயலுக்குக் கீழே இருந்த மூன்று கண் பாலத்தில் சிக்கி, மூன்று கண்ணையும் அடைத்துக்கொண்டன. போக வழியில்லாத தண்ணீர் வயலுக்குள் ஏறியது. நட்ட நாற்று இன்னும் வேர்கூடப் பிடிக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு மழை பெய்தால் முழுகி அழுகிவிடும்.

லோகாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துறட்டியோடு பாலத்தடிக்கு இறங்கினாள். அப்போது அவளுடைய புருஷன் சுப்ராயன் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"ஏய், தொடாதே! ஞாயித்துக்கெழம நாங்க சுத்தம் பண்றோம்ல?"

"இன்னைக்கே எடுத்துட்டா என்னாங்க?"

"இன்னைக்கே எடுத்துட்டா ஞாயித்துக்கெழம நாங்க வந்து எதைச் சுத்தம் பண்றது? நோட்டீஸ் அடிச்சாச்சு. மைக்செட்டு சொல்லியாச்சு. பெரிய ஆபீசருங்க வர்றாங்க. ஆறு சுத்தமா கெடந்தா என் மானம் என்னாவுறது?"

சுப்ராயன் இருபத்தைந்து பேர் கொண்ட 'நூலாறு தூய்மைத் தொண்டர் படை'யின் துணைத் தளபதி. பெண்டாட்டியின் மூன்று மாவைவிட நாட்டின் நதிகளைப் பெரிதாக நினைக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும்? லோகாம்பாள் வானத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவனுடைய மானத்தையும் பார்க்கவேண்டியிருந்ததால் துறட்டியோடு வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை படை வந்தது. எல்லோருக்கும் பச்சை நிறத்தில் தடித்த முரட்டுத் துணியில் கால்சட்டை, மேல்சட்டை; முதுகில் 'நதியே நம் தாய்' என்ற எழுத்து. முன்னால் வந்தவர் தளபதி சிதம்பரநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்ற சிப்பாயாகச் சைகோன் வரை போய்ச் சண்டை போட்டு, பென்ஷனோடு திரும்பியவர். தலைக்கு மேல் குண்டு பறந்தபோதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டவர் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கொடியேற்றம் நடந்தது. வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் நடந்தன. ஆபீசர்கள் எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். தளபதி கையை உயர்த்தி, பிரெஞ்சிலும் தமிழிலுமாக, "அலோன்! இறங்குங்க!" என்று ஆணையிட்டார்.

ஒருவரும் இறங்கவில்லை. தளபதியும் இறங்கவில்லை.

"அது யாரு யாரோ விட்ட சனிங்கய்யா," என்றான் சுப்ராயன் மெதுவாக. "தொட்டா நம்மளப் புடிச்சிக்கும்."

உடனே பாலத்தின் மேலேயே 'அவசரக் கூட்டம்' கூடியது. மின்துறையில் லைன்மேனாக இருந்த தெட்சிணாமூர்த்தியிடம் நிபுணர் கருத்து கேட்கப்பட்டது.

"கையால தொடாம மூங்கில் கம்பால இழுத்தா, கம்பு வழியா சனி ஏறுமா?"

"காஞ்ச மூங்கில் கடத்தாதுங்க. ஈர மூங்கில் கடத்தும்."

"தண்ணியில விட்டா எந்த மூங்கிலும் ஈரமாயிடுமேய்யா?"

"அதான் சொல்றேன். கம்பு கரையிலயே இருந்தா ஒரு ஆபத்தும் இல்ல."

கருத்து ஏகமனதாக ஏற்கப்பட்டு, கம்புகள் கரையிலேயே வைக்கப்பட்டன. அடுத்து, ஏழரைச் சனி நடக்கிறவர்கள் இறங்கலாம் என்று தளபதி ஒரு யோசனை சொன்னார். ஏற்கெனவே பிடித்திருப்பவனை இன்னொரு தடவை எப்படிப் பிடிக்கும்? கன்னி, துலாம், விருச்சிகக்காரர்கள் முன்னால் வரும்படி அழைக்கப்பட்டார்கள். நேற்றுவரை டீக்கடையில் ஏழரையைச் சொல்லிச் சொல்லி அழுதவர்கள் எல்லாம் அந்தக் கணத்தில் சுகப்பட்டுவிட்டார்கள். பாதிப்பேர் பஞ்சாங்கத்தை மாற்றிக்கொண்டார்கள். சுப்ராயன் துலாம் என்பது ஊருக்கே தெரியும்.

"என் ஜாதகத்தைக் கரையான் அரிச்சிட்டுதுங்க. நான் எந்த ராசின்னே எனக்குத் தெரியாது," என்றான் அவன்.

துறட்டியும் கையுமாகக் கரையில் நின்ற லோகாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப பொருத்தம் பாத்தீங்களே, அது யாரு வூட்டு ஜாதகம்?"

படை சிரித்தது. வானத்தில் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அப்போது பாலத்து முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த நாகூர் மீரான், என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தார். தளபதியின் முகம் மலர்ந்தது.

"வாங்க பாய்! மத நல்லிணக்கத்துக்கு இதைவிட ஒரு சந்தர்ப்பம் வாய்க்காது. உங்களுக்குத்தான் சனியே கெடையாதே!"

"எங்களுக்குச் சனி கெடையாது, சரிதான். இடுப்பு இருக்குதே தளபதி," என்றார் மீரான். "இருபத்தஞ்சு பேரு நிக்கிறீங்க. நான் ஒத்த ஆளு எறங்கணுமா?"

"நீங்க செய்ங்க பாய், நாங்க தார்மிக ஆதரவு தர்றோம்."

லோகாம்பாள் அதற்குமேல் கேட்கவில்லை. தொண்டர்களை விலக்கிக்கொண்டு துறட்டியோடு தொப்பென்று தண்ணீரில் குதித்தாள். "எனக்கும் துலாம்தான்! புடிக்கிற சனி புடிச்சிட்டுப் போவட்டும்!"

"யா அல்லா, இருங்க தங்கச்சி, இழுப்பு சாஸ்தி," என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மீரானும் இறங்கினார். ஒருத்தி அறுக்க, ஒருவர் இழுக்க, துணி மூட்டை மூட்டையாகக் கரையேறியது. கரையில் நின்ற படை ஒவ்வொரு மூட்டைக்கும் மூன்று எட்டு பின்வாங்கி, 'நதியே நம் தாய்' என்று முழங்கியது. மூன்றாவது கண் திறந்ததும் ஆறு மடமடவென்று இறங்கியது. வயலில் நாற்றுகள் இடுப்பளவுக்கு வெளியே தெரிந்தன. லோகாம்பாள் அந்தச் சேற்றிலேயே நின்று அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. கையில் ரத்தம் கசிந்ததுகூடத் தெரியவில்லை.

வேறு யாராவது என்றால் இதோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். தொண்டர் படை அப்படிப்பட்டதல்ல. லோகாம்பாள் கைகால் கழுவிக்கொண்டு சோறு வடிக்கப் போன பிறகும், மீரான் கடை அடைத்துவிட்டுப் போன பிறகும், படை கரையிலேயே ஆலோசனையில் இருந்தது. துணியைத் தொடவில்லை, வாஸ்தவம். ஆனால் காலையிலிருந்து கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறார்களே! சனிக்குத் தொடுவானேன், பார்வை போதாதா? பரிகாரம் இன்றே செய்வது நல்லது என்று முடிவாயிற்று. கடைக்கு ஆள் போய் நல்லெண்ணெய் வந்தது. பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, இருபத்தைந்து பேரும் உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, நூலாற்றில் பயபக்தியோடு முழுகினார்கள். தளபதியும் முழுகினார். பிறகு சாஸ்திரப்படி உடுத்தியிருந்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பக்தர்கள் விட்டது நைந்த வேட்டி. படை விட்டதோ முரட்டுத் துணி. மூன்று கண்ணிலும் ஆப்பு அடித்ததுபோலப் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. லோகாம்பாளும் மீரானும் இறங்கப் பார்த்தார்கள். இழுப்பில் காலே ஊன்ற முடியவில்லை. மழை விட்டு வெள்ளம் வடிவதற்குள் நாற்று அழுகிப்போயிருந்தது. பிடித்து இழுத்தால் கொழகொழவென்று கையோடு வந்தது. வேறு நாற்றுக்கு எங்கே போவாள்? ஊரிலேயே நாற்று இல்லை. ஒரு வருஷத்துச் சோறு அந்தச் சேற்றில் கிடந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். சுப்ராயன் தள்ளி நின்றான்.

அப்போதுதான் தளபதி சிதம்பரநாதன் நாலு தொண்டர்களோடு வரப்பு வழியாக வந்தார். எல்லோரும் புதுச் சீருடையில் இருந்தார்கள்.

"கவலைப்படாதம்மா லோகாம்பா. நேத்துக் கூட்டத்துல உனக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவிச்சித் தீர்மானம் போட்டிருக்கோம். பாலத்தை யாரோ பொறுப்பில்லாதவங்க மறுபடி அடைச்சி வச்சிருக்காங்க. ரெண்டாங் கட்டத் தூய்மைப் பணி வர்ற ஞாயித்துக்கெழம. அதுவரைக்கும் நீ கை வச்சிடாத."

லோகாம்பாள் எழுந்தாள். கையிலிருந்த அழுகிய நாற்றைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் கைகளைக் குவித்து அவரைக் கும்பிட்டாள்.

"ஏங்க, சனி பகவான்கூட ஏழரை வருசத்துல எங்களை விட்டுட்டுப் போயிடுவாருங்க. நீங்க எப்பங்க விடுவீங்க?"