காயாத மாமியார்

மாமியாரின் மூக்கு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. பாலகணேஷ் தொட்டுப் பார்த்தார். விரலோடு கொஞ்சம் மூக்கும் வந்தது.

"பெயிண்ட்ல ஆளிவிதை எண்ணெயக் கூடுதலா ஊத்திட்டேன் போல," என்றார்.

"எங்கம்மா போட்டோ ஒண்ணு நல்லா இருக்குல்ல? அதப் பெருசாக்கி மாட்டிருவமா?" என்றாள் மனைவி காளீஸ்வரி.

"போட்டோல உயிர் இருக்காது காளி."

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் சண்முகத்தாய் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார். கூடத்தில் மாட்ட அவரை ஆயில் பெயிண்டிங்காக வரைந்து தருவதாகச் சொந்தக்காரர்கள் முன்னால் மருமகன் வாக்குக் கொடுத்துவிட்டார். ராஜபாளையத்தில் நூல் மில் சூப்பர்வைசர் என்பது அவருக்கு வயிற்றுப்பாடு, உள்ளுக்குள் ஓவியர். கல்யாணமோ காதுகுத்தோ, எந்த விசேஷத்துக்கும் மொய் எழுத மாட்டார். விசேஷக்காரர்களையே வரைந்த படம்தான்.

ஆபத்துக்கு உதவ டெலிகிராமில் 'எண்ணெய் வண்ணத் தோழமை' என்றொரு குழு இருந்தது. யாரோ புண்ணியவான் அவரை அதில் சேர்த்துவிட்டிருந்தார். அங்கே எல்லோருக்கும் புனைபெயர். தாங்கள் வரைந்ததை ஒருவர்கூடப் போட்டதில்லை, அப்படியொரு தன்னடக்கம். ஆனால் இவர் சந்தேகம் கேட்டால் யோசனை வந்து கொட்டும்.

'படம் காயவில்லை, தோழர்களே.'

'ஃபேனை ஃபுல்லில் வைத்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள்,' என்றார் தூரிகைச் செல்வன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பஞ்சு குடோன். சாயங்காலம் காளீஸ்வரி வந்து பார்த்து அலறினாள்.

"ஏங்க! எங்கம்மாவுக்கு எப்பங்க தாடி வளந்துச்சு?"

வெள்ளை வெளேரென்று தாடி, மீசை, காதில் கொஞ்சம் முடி. பாலகணேஷ் பதறிக் குழுவுக்கு ஓடினார்.

'சப்பாத்தி மாவை உருட்டி முகத்தில் ஒற்றுங்கள். பஞ்சு போயிடும்,' என்றார் வர்ணமகள்.

போயிற்று. பஞ்சோடு மூக்கும் போயிற்று, ஒரு கண்ணும் போயிற்று.

"அந்த மாவுல சப்பாத்தி சுட்டுறாத," என்றார்.

"எங்கம்மாவத் தின்ன எனக்கென்ன கிறுக்கா?"

மூக்கையும் கண்ணையும் திரும்ப வரையும்போது, பளபளப்புக்கு வண்ணத்தில் கருப்பட்டிப் பாகு கலக்கச் சொன்னார் சித்திரச் சிற்பி. பழங்கால முறையாம். கலந்தார். அபாரமாக மின்னியது. விடிந்து பார்த்தால் படத்தின் கீழ் மூலையிலிருந்து மூக்குத் துவாரம் வரை எறும்பு சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தது.

'மஞ்சள்தூள் தூவுங்கள் அண்ணா! விட்டுவிடாதீர்கள்! உங்களுக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம்!' குழு முழுக்கக் கைதட்டல், இதயங்கள். பாலகணேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவர்கள்கூட இவ்வளவு ஊக்கம் தந்ததில்லை.

தூவினார். எறும்பு போகவில்லை. மாமியார்தான் மஞ்சளானார்.

வெள்ளிக்கிழமை காலை. பிரேம் போட ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பைக்கில் கொண்டுபோக வேண்டும். 'வழியெல்லாம் தூசி. ஈரப் பக்கம் முதுகைப் பார்க்கும்படி துண்டால் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள்,' என்றார் தூரிகைச் செல்வன். விசேஷத்துக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு கட்டிக்கொண்டு கிளம்பினார்.

எட்வின் பிரேம் கடை வாசலில் இறங்கித் துண்டை அவிழ்த்தபோது, தெருவில் போன ஓர் அம்மாள் அவர் முதுகைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே!" என்றாள்.

மாமியார் முழுசாகச் சட்டைக்கு வந்துவிட்டிருந்தார். கான்வாஸில் ஒரு காதும் சில எறும்புகளுமே மிச்சம்.

பாலகணேஷ் கடைப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். "எட்வின், எம்புட்டு நல்ல மனுசங்க அவிய! ராப்பகலா யோசன சொன்னாவ. என் கைதான் விளங்காத கை."

"மனச விடாதீக அண்ணாச்சி," என்றார் எட்வின், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இல்லப்பா, முடிவு பண்ணிட்டேன். தோழர்கள்ட்டச் சொல்லிருதேன்." போனை எடுத்துக் குழுவில் தட்டினார்: 'இனி வாழ்நாளில் தூரிகை தொட மாட்டேன். மன்னியுங்கள்.'

ஆறுதல் வரும் என்று காத்திருந்தார். போன் அதிர்ந்தது. பட்டாசு. வாணவேடிக்கை. லட்டு. யாரோ குத்தாட்டம் போடும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். மேசை மேலிருந்த எட்வினின் போனும் அதே தாளத்தில் டிங் டிங்கென்று அடித்தது.

பாலகணேஷ் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எட்வின்... நீயும் அந்தக் குரூப்புலயா இருக்க? நீ எப்பப்பா படம் வரைஞ்ச?"

எட்வின் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அந்தக் குரூப்புல வரையிற ஆளு நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி. மத்தவிய பூராம் நீங்க வரைஞ்சு குடுத்த படத்துல இருக்கவிய."