பானட்டில் வைத்த அரக்கு

மழையளவு அலுவலகத்துக்கு ஒரு கார் இருந்தது. காருக்கு ஓர் ஓட்டுநர் இருந்தார். ஊரைச் சுற்றிப் பதினெட்டு இடங்களில் மழைமானிகள் நட்டு வைத்திருந்தார்கள். வாரம் இரண்டு முறை போய், எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவர வேண்டும். மழை பெய்யாத வாரத்திலும் போக வேண்டும். பெய்யவில்லை என்பதையும் ஒருவர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தானே அது அதிகாரப்பூர்வமாகப் பெய்யாததாக ஆகும்?

காரையும் ஓட்டுநரையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஒரு விதி இருந்தது. ‘வாகனம் ஓடும் நிலையில் உள்ளவரை ஓட்டுநர் பணியிடமும், அதனுடன் இணைந்த குடியிருப்பும் தொடரும்.’ கார் நின்றால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். காருக்கு வயது இருபத்திரண்டு. ஓட்டுநருக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். மகளுக்குப் படிப்பு முடியவும் ஏறத்தாழ அவ்வளவே பாக்கி. அதுவரை இன்ஜின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும் என்பதைத் தவிர அவர் கடவுளிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

கேட்டதோடு நிற்கவும் இல்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஒரு விடுமுறை நாளில், காரைப் பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குவார். அடியில் படுத்து நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை ஒரு பேசினில் பிடிப்பார். அது வீட்டில் துணி துவைக்க வாங்கிய பேசின். மனைவி அதன்மேல் இருந்த உரிமையை எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டாள். இறங்கிய ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, துகள் ஏதும் நெருடுகிறதா என்று பார்ப்பார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் சொட்டு ஆயில் தடவிக் கையாலேயே முடுக்குவார். புது ஆயில் ஊற்றி, அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு எடுத்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். இதையெல்லாம் அவர் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. அதனால் இருபத்திரண்டு வருடத்தில் கார் ஒருநாளும் வழியில் நின்றதில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

புதிதாக வந்த அதிகாரி மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்தார். போகும்போது சாதாரண அதிகாரியாகப் போனவர், வரும்போது ‘முன்னெச்சரிக்கைப் பராமரிப்பு’ என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். அந்த வருடம் எல்லா அலுவலகங்களிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருடம் மூச்சுப் பயிற்சி.

வந்ததும் காரின் பழுதுக் கோப்பைக் கேட்டார். தலைமை எழுத்தர் கொண்டுவந்து வைத்தார். உள்ளே அட்டை மட்டும் இருந்தது.

“என்னய்யா, ஒரு தாள்கூட இல்லை?”

“வண்டி பழுதானதே இல்லைங்க சார்,” என்றார் ஓட்டுநர், பாராட்டு வரும் என்ற நம்பிக்கையில்.

“பழுதே ஆகலைன்னா அதைக் கவனிக்கவே இல்லைன்னுதானே அர்த்தம்? காற்றளவு அலுவலகத்துக் காரைப் பாருங்க. ஏழு தொகுதி கோப்பு. அதுதான் பராமரிப்பு!”

“சார், அந்தக் கார் நாலு வருஷமா செங்கல் மேல நிக்குது.”

“நிக்கட்டும். கோப்பு ஓடுதில்ல?”

அந்த மாதம்தான் ஆயில் மாற்ற வேண்டிய கெடு. அதை ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“இனிமே எதுவும் முறைப்படிதான்,” என்று ஒரு படிவத்தை நீட்டினார் அதிகாரி. “முதல் கேள்வி. கோளாறு என்ன?”

“கோளாறு இல்லைங்க சார்.”

“கோளாறு இல்லைன்னா எதுக்கு ஆயில் மாத்தணும்?”

“கோளாறு வராம இருக்கத்தான் சார்.”

“வராத கோளாறை எந்தக் கட்டத்துல எழுதுறது? நீங்களே சொல்லுங்க.”

ஓட்டுநர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு கட்டம் இல்லைதான்.

“அவரை ஏன் சார் சங்கடப்படுத்தணும்?” என்று தலைமை எழுத்தர் குறுக்கே புகுந்தார். முப்பது வருடத்தில் எந்தத் தாளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவர் அவர். “விழாவா நடத்திடலாம். விழாவுக்குப் படிவம் கிடையாது.”

அப்படியாகத்தான் ‘இன்ஜின் பேணல் வாரம்’ பிறந்தது. கார் நிற்கும் கொட்டகைக்கு வண்ணத்தாள் ஒட்டினார்கள். தலைமையகத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். காரின் பானட்டைத் திறந்து வைத்து, அதற்குக் குறுக்கே நாடா கட்டி, நாடாவை வெட்டினார்கள். ஆளுக்கொரு குவளை புது ஆயிலை இன்ஜினில் ஊற்றுவதாக ஏற்பாடு.

ஓட்டுநர் ஓடிவந்தார். “சார், முதல்ல பழசை இறக்கணும்!”

“இறக்கறது கழிவு அகற்றம். அதுக்கு வேற குழு. இன்னைக்கு ஊத்துறது மட்டும்தான் நிகழ்ச்சி நிரல்ல இருக்கு.”

முதல் குவளையிலேயே டிப்ஸ்டிக்கில் மேல்கோடு நனைந்துவிட்டது. ஓட்டுநர் அதைத் தூக்கிக் காட்டினார். “சார், இதுக்கு மேல போகக் கூடாது. அழுத்தம் தாங்காம சீல் கிழிஞ்சிடும்.”

அதிகாரி கோட்டைக் கூர்ந்து பார்த்தார். “இதுதான் இலக்கா?”

“இலக்குன்னு இல்லைங்க சார், எல்லை.”

“ஒண்ணுதான். இலக்கைத் தாண்டாதேன்னு சொல்ற முதல் ஊழியரை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்.”

மேலும் ஆறு பேர் ஊற்றினார்கள். ஏழாமவர் ஊற்றும்போது புகைப்படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் ஊற்றினார். இலக்கு நூற்றெழுபது விழுக்காடு எட்டப்பட்டதாக மேடையிலேயே அறிவித்தார்கள். கைதட்டல் அடங்கியதும், இவ்வளவு சிறப்பாகச் செய்த பராமரிப்பை யாரும் தொட்டுக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக, பானட்டை மூடி, இடுக்கில் வெள்ளை நாடா ஒட்டி, நாலு இடத்தில் அரக்கு உருக்கி முத்திரை குத்தினார்கள். ‘மதிப்பீட்டுக் குழு நேரில் வந்து திறக்கும்வரை எவரும் திறக்கலாகாது. மீறுவோர் பணிநீக்கம் செய்யப்படுவர்.’

ஒரு வாரத்தில் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஆயில் விழத் தொடங்கியது. ஓட்டுநர் எழுத்துமூலம் தெரிவித்தார். பதில் வந்தது: ‘இலக்குக்கு மேற்பட்ட உபரி தானே வெளியேறுவது இயல்பானதும் வரவேற்கத்தக்கதுமாகும்.’

சொட்டு நிற்கவில்லை. இரண்டாம் மாதம் முகப்புப் பலகையில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பதறிப்போய், ‘விளக்கு எரிகிறது’ என்று அடிக்கோடிட்டு எழுதினார். அதற்கும் பதில் வந்தது: ‘இருபத்திரண்டு ஆண்டுப் பழைமையான வாகனத்தில் விளக்கு இன்னமும் எரிவது குறித்து இவ்வலுவலகம் மகிழ்ச்சி அடைகிறது.’

வீட்டில் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். “என்னங்க, தட்டுல கோலம் போடறீங்க?”

“டேப்பெட் அடிக்குது. ஆயில் பத்தாம இன்ஜினுக்குள்ள டக்டக்குன்னு சத்தம்.”

“ராத்திரி தூக்கத்துலயும் அதையேதான் சொன்னீங்க. பேசாம அந்த அரக்கைப் பேத்துட்டு ஆயிலை ஊத்திட்டு வாங்களேன். யார் பாக்கப் போறா?”

“அரக்கு உடைஞ்சா வேலை போயிடும்.”

“இன்ஜின் உடைஞ்சா?”

“அப்பவும் போயிடும்.”

“அப்போ எதை உடைக்கிறது நல்லதுன்னு யோசிங்க. வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு நான் எந்தத் தெருவுல போய் நிக்கறது?”

மறுநாள் அவர் ஸ்பேனரோடு காருக்கு அடியில் போய்ப் படுத்தார். அடியிலிருந்து பார்த்தால் முத்திரை தெரியாது. அது ஓர் ஆறுதல். நட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கீழேயிருந்து ஆயிலை எடுக்க மட்டும்தான் முடியும். கொடுப்பதென்றால் மேலே போக வேண்டும். மேலே அரக்கு வைத்திருந்தார்கள். துறை எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக அவருக்கு எந்தச் சுற்றறிக்கையும் சொன்னதில்லை. வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்தது. ‘ஆண்டின் சிறந்த பேணப்பட்ட இன்ஜின்’ விருது மழையளவு அலுவலகத்துக்கே. காரணம்: முத்திரையிட்ட நாள்முதல் பராமரிப்புக்கான தேவையே எழவில்லை என்பது, பானட் ஒருமுறைகூடத் திறக்கப்படாததிலிருந்து ஐயமற நிரூபணமாகிறது.

அதிகாரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். பாதி வழியில், நாற்சந்திக்கு நடுவில், இன்ஜின் ஒருமுறை கரகரவென்று இருமியது. பிறகு இரும்பை இரும்பு கடிக்கும் சத்தம். கார் நின்றது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று ஓட்டுநருக்குச் சாவியைத் திருப்பாமலே தெரிந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

“என்னய்யா நிறுத்திட்டே?”

“நான் நிறுத்தலைங்க சார்.”

கடைக்காரர்கள் நாலு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். தள்ளித் தள்ளியே விருது மண்டபத்தின் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சத்தமே இல்லாமல் வந்து நின்ற காரைப் பார்த்து மேலதிகாரி அசந்துபோனார். “அடேயப்பா, இருபத்திரண்டு வருஷ வண்டியா இது? இன்ஜின் ஓடறதே தெரியலையே!”

கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு வண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துவந்த காரில் அதிகாரி திரும்பினார். ஓட்டுநர் நேராகத் தலைமை எழுத்தரிடம் போனார்.

“அவ்வளவுதானே சார்? கழிவு வண்டின்னு எழுதிடுவீங்க. எப்போ வீட்டைக் காலி பண்ணணும்?”

“யாருய்யா எழுதறது?” என்று தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “கழிவுன்னு எழுதணும்னா இன்ஜினைப் பாக்கணும். பாக்கணும்னா முத்திரையை உடைக்கணும். உடைக்க வேண்டியது மதிப்பீட்டுக் குழு. திட்டம் முழு வெற்றின்னு அந்தக் குழுவைப் போன வாரம் கலைச்சிட்டாங்க.”

“அப்போ வண்டி?”

“ஓடும் நிலையில் உள்ளது.”

“ஓடாதே சார்!”

“ஓடலைன்னு எழுதிக் குடுங்களேன். விருது வாங்குன இன்ஜினை யார் கெடுத்ததுன்னு கேட்பாங்க. ஓட்டுனது யாரு?”

ஓட்டுநர் எழுதிக் கொடுக்கவில்லை. மூலையில் கிடந்த லாக்புக்கை எடுத்துத் தூசி தட்டி, அன்றைய தேதி போட்டு, ‘நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இன்ஜின் சத்தம்: சீர்’ என்று எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். இரண்டாம் நாள் படித்துப் பார்க்கவில்லை.

அதன்பிறகு வாரம் இரண்டு முறை அதிகாரி கொட்டகைக்கு வந்து பின்சீட்டில் உட்காருவார். ஓட்டுநர் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வார். இரண்டு மணி நேரம் கழித்து இறங்குவார்கள். “இன்னைக்கு ரோடு ரொம்ப மோசம்,” என்று அதிகாரி இடுப்பைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, “வளைவுல மெதுவாப் போய்யா,” என்று அதட்டவும் செய்தார். ஓட்டுநர் கியரைக் குறைத்தார்.

மழைமானிகளின் அளவுகளும் அங்கேயே உட்கார்ந்து குறிக்கப்பட்டன. அந்த வருடம் மழை இயல்பை ஒட்டிப் பெய்தது. செய்தித்தாள்கள் அப்படியே போட்டன. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் ஊரில் பாதிப்பேர் குடையை விரிக்காமல் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். “பேப்பர்ல பன்னெண்டு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு, நனைஞ்சிட்டுப் போகாதீங்க,” என்று ஓட்டுநரிடம் அவர் மனைவி குடையை நீட்டினாள். அந்தப் பன்னிரண்டு, முந்தாநாள் அவரே எழுதியது. இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

பதினான்கு மாதமும் ஓடி முடிந்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போனாள். கடைசி நாளன்று பொறுப்பை வாங்கிக்கொள்ளப் புது ஓட்டுநர் வந்தார். புதியவர் என்றாலும் நாற்பதைத் தாண்டியவர். ஒன்பது வருடம் தற்காலிகமாகவே அலைந்துவிட்டு, இந்தப் பணியிடத்துக்கும் அதோடு வரும் வீட்டுக்கும் குடும்பத்தோடு காத்திருந்தவர்.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி திருப்பினார்.

“அண்ணே, இன்ஜின் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கே. செத்துப்போன வண்டிண்ணே இது!”

“வந்து அரைமணி நேரம் ஆகலை, அதுக்குள்ள புகாரா?” என்றார் பழைய ஓட்டுநர். மெதுவாகப் பக்கத்துச் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். “வண்டி ஓடற வரைக்கும்தான் உன் வேலையும் வீடும். ஆர்டர்ல படிச்சே இல்ல?”

“படிச்சேண்ணே.”

“பிள்ளைங்க எத்தனை?”

“ரெண்டுண்ணே.”

“அவசரப்படாம காதைக் குடுத்துக் கேளு. நல்லா ஓடுது.”

கொட்டகைக்குள் ஓர் ஈ பறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. புதியவர் கண்ணாடி வழியே அரக்கு முத்திரைகளைப் பார்த்தார். பிறகு எதிரே தெரிந்த குடியிருப்பைப் பார்த்தார். வாசலில் சாமான் ஏற்றிய வண்டியும், அதன்மேல் உட்கார்ந்திருந்த மனைவி மக்களும் தெரிந்தார்கள். அவர் முகம் தெளிந்தது.

“ஆமாண்ணே, கேக்குது,” என்று முன்னாலிருந்த லாக்புக்கை எடுத்துப் பிரித்தார். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, தொழில் தெரிந்தவனின் அக்கறையோடு, “டேப்பெட் மட்டும் கொஞ்சமா அடிக்குதோ?” என்றார்.

பழைய ஓட்டுநருக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று லாக்புக்கைப் புதியவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்தான்ப்பா. அதை மட்டும் எழுதிடாதே.”