துறை வருது, எழுந்திருங்க!

கடலைப் பார்க்காதவனுக்குக் கடல்மேல் இருக்கும் தைரியம் மீனவனுக்குக்கூட இருக்காது. அந்தத் தைரியசாலிகளில் நான் முதல் வரிசை. பிறந்து வளர்ந்தது ஆம்பூர். எங்கள் பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பிப்போன நான், தொண்ணூறுகளின் கடைசியில், சென்னையில் ஒரு சின்ன நிறுவனத்தில் உட்கார்ந்து, தீவுகளுக்கு இடையே பயணிகள் படகு விடத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். (சிரிக்காதீர்கள். சிவில் இன்ஜினியரிங் படித்தவன் எதற்கும் திட்டம் போடுவான்.)

ஒவ்வொரு துறையிலும் படகு நிற்கும் நேரத்தைக் குறைக்க வழி சொல்வது என் பொறுப்பு. நான் ரொம்ப யோசிக்கவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸை நினைத்துக்கொண்டேன். வேலூரிலிருந்து வரும் பஸ் மாதனூரைத் தாண்டியதுமே ஆம்பூர்க்காரர்கள் மொத்தமாக எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார்கள். ஊர் வந்த பிறகு எழுபவன் வெளியூர்க்காரன். அவனைக் கண்டக்டரே மதிக்க மாட்டார். இந்த அரிய பழக்கத்தைத் தீவுகளுக்கும் வழங்க முடிவு செய்து, 'துறை கண்ணில் பட்டதும் பயணிகள் அனைவரும் எழுந்து, இறங்கும் பக்கம் வந்து தயாராக நிற்க வேண்டும்' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்து ரசித்தேன்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் எனக்கு அதைவிடப் பெரிய பரீட்சை. கிரேஸ் வேலூரில் நர்ஸ். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பழக்கமாகி, கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். ஆம்பூரில் கணக்கு வாத்தியாராக இருந்த அவள் அப்பாவுக்கோ ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர் மேல் கண். என்னைப் பார்த்துப் பேசிய பிறகு முடிவு சொல்வதாக, மனைவி, மைத்துனர், மைத்துனர் மனைவி சகிதம் வேலூருக்கு வந்திருந்தார். கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்தோம்.

"அந்தப் பையன் தோலைத் தொட்டே நல்லதா கெட்டதான்னு சொல்லிடுறான். நீங்க இன்னா பண்றீங்க தம்பி?"

"தீவுங்களுக்கு நடுவுல படகு விடப்போறோம் சார்."

"அந்தத் தீவுக்கெல்லாம் போய்ருக்கீங்களா?"

"மேப்ல போய்ருக்கேன் சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். கிரேஸ் வானத்தைப் பார்த்தாள். விஷயம் கைநழுவுகிறது என்று புரிந்தது. அந்தச் சமயம் கோட்டை அகழியில் படகுச் சவாரி விட்டிருந்தார்கள். "வாங்க சார், படகுலயே காட்டுறேன்" என்று எல்லோரையும் கிளப்பினேன். நானும் அன்றுதான் முதன்முதலாகப் படகில் காலை வைத்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், பாதி தூரம்வரை நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவு, எங்கே மாறிப் போவது என்று அடுக்க அடுக்க, வாத்தியார் முகம் மலர்ந்தது. "கணக்கு சரியாத்தான் வருது" என்றார். அந்த வாயிலிருந்து அது வருவது லேசான காரியமில்லை என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். ரிப்போர்ட் ஃபைலைக் கிரேஸிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் விளக்க ஆரம்பித்தேன்.

படித்துறை நெருங்கியது. நான் எழுந்து நின்றேன்.

"துறை வருது! எல்லாரும் எழுந்து இந்தப் பக்கம் வாங்க!"

ஆம்பூர்க்காரர்களுக்கு இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. நாலு பேரும் மாதனூர் தாண்டிய வேகத்தில் என் பக்கம் வந்தார்கள்.

"ஒக்காருங்கய்யா! ஒக்காருங்க!" என்று படகுக்காரர் அலறினார்.

"பயப்படாதீங்க, இது பிளான்லயே இருக்கு" என்றேன்.

தலைவன் என்ற முறையில் நான்தான் முதலில் விழுந்தேன். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். நல்லவேளையாக இடுப்பளவுத் தண்ணீர்தான். வாத்தியாரின் ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. கரையில் கூடிய கூட்டம் பாலாற்றில் வெள்ளம் வந்த மாதிரி ரசித்தது. படகில் நனையாமல் மிஞ்சியவர்கள் படகுக்காரரும், ஃபைலைப் புரட்டியபடி உட்கார்ந்தே இருந்த கிரேஸும்தான்.

"அந்தப் பக்கத்த இப்பவே கிழிச்சிடட்டா?" என்று கேட்டாள் மகராசி.

கல்யாணம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது என்றே நினைத்தேன். அழுகை முட்டியது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் தலையிலிருந்த பாசியை எடுத்துப்போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, இந்த ரிப்போர்ட்டு எப்போ குடுக்கணும்?"

"நாளைக்கு சார்."

"கடல்ல ஆழம் எவ்ளோ இருக்கும்?"

"ஜாஸ்தி சார்."

தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த மனைவியிடம் சொன்னார்: "ஷூ கம்பெனிக்காரன் தோலத்தான் டெஸ்ட் பண்ணுவான். இவரு பிளானை நம்ம மேலயே டெஸ்ட் பண்ணிட்டாரு. நாம வுழுந்ததுல எத்தினி ஜனம் தப்பிச்சுதோ! சரி, கைய குடுங்க மாப்ளே, கரைக்குப் போலாம்."

மாப்ளே! அகழி நடுவில் நிச்சயமான ஒரே கல்யாணம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்று மாலையே அந்த வரியை அடித்துவிட்டு, 'படகைக் கயிற்றால் கட்டி முடிக்கும்வரை யாரும் இருக்கையை விட்டு எழக்கூடாது' என்று எழுதினேன். கடல் தெரிந்தவர்கள் எழுதிய மாதிரி இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டினார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாமனார் அந்த விதியைத் தரையில் ஓடும் வண்டிகளுக்கும் நீட்டித்துவிட்டார். இன்றும் வேலூரிலிருந்து குடும்பத்தோடு திரும்பும்போது, மாதனூர் தாண்டியதும் பஸ்ஸே எழுந்து நிற்கும். எங்கள் குடும்பம் மட்டும் உட்கார்ந்திருக்கும். "ஆம்பூர் எறங்கலையா சார்?" என்று கண்டக்டர் கத்துவார். மாமனார் கையை நீட்டி எங்களைத் தடுத்துவிட்டு, "மொதல்ல கட்டட்டும்" என்பார். என் பிள்ளைகளும் கோரஸாக "கட்டட்டும்" என்பார்கள்.

போன மாதம்கூட ஆம்பூருக்கு அடுத்த ஊரான வாணியம்பாடியைப் பார்த்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தோம்.