காருக்கு லீவு கொடுத்தவர்

மனிதனுக்கு லீவு உண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு உண்டு, கோர்ட்டுக்குக்கூட லீவு உண்டு. ஆனால் சொந்தக் காருக்கு லீவு கொடுத்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரோடு ஒரே ஆபீஸில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் நான்.

சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். அவர் அங்கே ஆபீஸ் ரைட்டர். தொழிலாளிகளின் லீவுப் பதிவெல்லாம் அவர் கையில் என்பதால் அவர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் அவருக்கு ‘லீவு ரைட்டர்’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வேலையை விட்டுப் போன பழைய மேனேஜர் ஒருவர் தன் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது.

வருஷத்துக்கு ஒரு முறை கூடலூர் மெக்கானிக்கிடம் சர்வீஸுக்கு விடுவார். மெக்கானிக் ரைட்டரின் இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் ஓடுகிற மாதிரி செய்து கொடுப்பார். மூன்றாவது வருஷம் மெக்கானிக்குக்கே மனசு கேட்கவில்லை. “ரைட்டரே, இது ரிப்பேரு அல்லா, தீராத வியாதியாக்கும். வித்துக் களையுங்க” என்றார்.

லீவு ரைட்டர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் என் மேஜைக்கு வந்தார்.

“தம்பி, நோய் எங்கிருக்குதுன்னு கண்டுபுடிச்சுட்டேனுங்க. பாவம், அதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் லீவே குடுத்ததில்லை. லீவில்லாம வேலை வாங்குனா மனுசனே படுத்துக்குவான். இரும்பு என்ன பண்ணும், சொல்லுங்க?”

அன்றிலிருந்து காருக்கு எஸ்டேட் சட்டம் அமலுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வார லீவு. எஞ்சின் இருமினால் மெடிக்கல் லீவு. மழைக்காலத்தில் பதினைந்து நாள் வருஷ லீவு. அந்தப் பதினைந்து நாளும் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, பானெட்டின் மேல் கம்பளி போர்த்தி, ஷெட்டைச் சாத்திவிடுவார். இதற்கெல்லாம் தனி நோட்டு வேறு. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு கூடலூர் போக வேண்டுமென்றால், இருவரும் குடை பிடித்துக்கொண்டு காரைத் தாண்டி பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

“இந்த ஊட்டுக்கு வந்து இருவது வருசமாச்சுங்க தம்பி, எனக்கு ஒரு நாள் லீவு உண்டா? அதைப் பாருங்க, போர்வை போத்திட்டுத் தூங்குது” என்பார் ரைட்டர் வீட்டு அக்கா. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

முதல் வருஷம் செலவு பாதியாகக் குறைந்தது. ரைட்டர் ஆபீஸ் முழுக்க மிக்சர் வாங்கிக் கொடுத்தார். ஓடாத காருக்கு என்ன செலவு வரும் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயில் மிக்சர் இருந்ததால் தப்பித்தேன்.

இரண்டாம் வருஷம், வருஷ லீவில் கார் கம்பளிக்குள் கிடந்தபோது, ஒரு எலி உள்ளே குடும்பத்தோடு குடியேறி ஒயரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. மெக்கானிக் இரண்டரை மாதச் சம்பளம் கேட்டார். ரைட்டர் அசரவில்லை.

“லீவுல போன எடத்துல ஒடம்புக்கு முடியாமப் போச்சுங்க. யாருக்கும் நடக்கறதுதானே” என்றார்.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஊர் கேத்தி. கேரட் தோட்டக்காரர் மகள். அப்பா, அம்மா எல்லாரும் கோயமுத்தூரிலிருந்து நேராகக் கேத்திக்குப் போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணத்துக்கு முதல் நாளிலிருந்துதான் லீவு. ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அது. அதை விட்டால் ஆடி. ஒரு மாதம் தாலி கட்ட முடியாது. பெண் வீட்டுப் பெரியப்பா ஒருவர் ஏற்கெனவே, ‘எஸ்டேட் மாப்பிள்ளை எதுக்கு?’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர். தள்ளிப் போனால் தட்டிக் கழித்துவிடுவார்.

அந்த வாரம் பார்த்துத்தான் மழை பிடித்தது. பாதி ரோடு சரிந்து, பஸ் நின்றுவிட்டது. சின்ன வண்டி மட்டும் ஒதுங்கி ஒதுங்கிப் போகலாம் என்றார்கள். சுற்று வட்டாரத்தில் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய சின்ன வண்டி ஒன்றே ஒன்றுதான். அது வருஷ லீவில் நான்காம் நாள்.

சாயங்காலம் போய் நின்றேன். ரைட்டர் தலையைச் சொறிந்தார்.

“லீவுல இருக்கறவனைக் கூப்புடறது தப்புங்க தம்பி. வேணும்னா அவசரக் காரணம் காட்டி எழுதிக் குடுங்க.”

பல்லைக் கடித்துக்கொண்டு, ‘மதிப்பிற்குரிய கார் அவர்களுக்கு’ என்று ஆரம்பித்து எழுதினேன்.

“காருக்கு எதுக்கு எழுதறீங்க? அதுக்குப் படிக்கத் தெரியுமா? எனக்கு எழுதுங்க.”

மறுபடி எழுதினேன். காரணம்: சொந்த வேலை.

“இப்புடி மொட்டையா எழுதுனா எவனும் லீவைக் கேன்சல் பண்ண மாட்டான். என்ன வேலைன்னு வெவரமா எழுதோணும்.”

மூன்றாம் முறை, கல்யாணம், ஆடி, பெரியப்பா எல்லாவற்றையும் எழுதினேன். நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். லீவு நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்பதால், காருக்கு அன்று இரண்டு பங்கு ஆயில் ஊற்றச் சொல்லி உத்தரவு எழுதினார். அக்கா குறுக்கே விழுந்து தடுத்ததால் எஞ்சின் பிழைத்தது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ரைட்டரும் நானும் கிளம்பினோம். நடுவட்டம் ஏற்றத்தில் பத்து மணிக்குக் கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

“டீ டைமுங்க. பத்து மணிக்கு எல்லாருக்கும் உள்ளதுதானே” என்று ரைட்டர் இறங்கி, ரேடியேட்டருக்குக் குடை பிடித்தார். நான் நனைந்தேன்.

அப்புறம் கிளட்ச் போயிற்று. கொஞ்ச தூரம் நான் தள்ளினேன். கொஞ்ச தூரம், இரண்டு சரிவுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்த ஒரு காய்கறி லாரி கயிறு கட்டி இழுத்தது. ஊட்டியில் ஒருவர் ஏதோ செய்து ஓட வைத்தார். கேத்தி இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல், நான் கையில் கல்லோடு பக்கத்திலேயே ஓடினேன். நாலரை மணிக்கு மண்டபத்து வாசலில் போய் நின்றபோது, தலையிலிருந்து கால் வரை சேறு. மாமனார் ஓடி வந்து ரைட்டர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாப்பிள்ளை எங்கீங்க? உங்க கிளீனரைப் பின்னால போய்க் கைகால் கழுவச் சொல்லுங்க.”

“அவருதானுங்க மாப்பிள்ளை” என்றார் ரைட்டர். “தங்கமான பையனுங்க. நல்லாத் தள்ளுவாரு.”

மறுநாள் தாலி கட்டினேன். பெரியப்பா மூன்று பந்தியில் சாப்பிட்டார்.

அந்த வருஷம் கிளட்ச், ரேடியேட்டர், பிரேக் எல்லாமாகச் சேர்ந்து மெக்கானிக் நாலு மாதச் சம்பளத்துக்குச் சீட்டு நீட்டினார். நான் மொய்ப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரைட்டர் தொடவில்லை.

“வேலை நேரத்துல நம்ம ஆளுக்கு அடிபட்டா நாமதான் பாத்துக்கோணும். நீங்க போயி ஊட்டுக்கு ஒரு குக்கர் வாங்குங்க.”

என் கல்யாண லீவைப் பதிவு செய்ய ஆபீஸ் லீவு ரிஜிஸ்டரைத் திறந்தபோது, கை தவறி ரைட்டருடைய லீவுக்கான பக்கம் புரண்டது. எத்தனையோ வருஷமாக ஒரு வரிகூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்த பக்கம். ஊருக்கெல்லாம் லீவு எழுதின மனிதர் தனக்கென்று ஒரு நாள் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதில் முதல் முறையாக இரண்டு நாள் ஏறியிருந்தது. காரணம் என்ற இடத்தில், அவருடைய மணிமணியான கையெழுத்தில், ‘தம்பி கல்யாணம்’ என்று இருந்தது.

அவருக்குக் கூடப் பிறந்த தம்பி யாரும் இல்லை. எனக்கும் அதுவரை அண்ணன் இருந்ததில்லை.