பச்சைக்கால் சூப்பர்வைசர்

பனியன் கம்பெனியில் இருபது வருஷமாக அயர்ன் மாஸ்டராக இருக்கிறேன். கத்துகிற சூப்பர்வைசர், கத்தாமலே கொல்லுகிற சூப்பர்வைசர், நாம் டீ குடிப்பதைக்கூட வாட்சில் பார்க்கிற சூப்பர்வைசர் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் பிள்ளைகளே, என்னை ஒரு ஆளாகவே மதிக்காத சூப்பர்வைசர் இந்தத் திருப்பூரில் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டுப் பூனை.

அதற்கு வேறு பெயர் கிடையாது. என் மகள் யாழினி ஆறாவது படிக்கிறாள். மழையில் நனைந்து கிடந்த குட்டியை அவள்தான் பள்ளிக்கூடப் பையில் போட்டுத் தூக்கி வந்தாள். எதிர்வீட்டு சரோஜாக்கா வாசலில் உட்கார்ந்து பனியனில் பிசிறு வெட்டுகிறவர். ஒரு வாரம் அந்தக் குட்டியைக் கவனித்துவிட்டுச் சொன்னார்.

"இது ஒரு வேலையும் செய்யறதில்லீங்க. குறுக்க நெடுக்க நடக்குது. வாரவங்க போறவங்களையெல்லாம் மொறைச்சுப் பாக்குது. சூப்பர்வைசராட்டவே இருக்குதுங்க."

அன்றிலிருந்து தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. அதுவும் அந்தப் பதவிக்கே பிறந்ததுபோல் நடந்துகொண்டது.

காலை ஐந்து மணிக்கு வந்து என் கண் இமையை ஒரு விரலால் தொடும். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டுதான் தொடும்; அந்த அளவுக்கு மரியாதை உண்டு. எழுந்திருக்கவில்லை என்றால் இரண்டாவது தடவை நகத்தோடு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு என்பது அதற்கு எப்படியோ தெரியும். அன்றைக்கு நாலரைக்கே தொடும். என் மனைவி அமுதாவும் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். அவள் இமையை ஒரு நாளாவது தொட்டதுண்டா? கேட்டால், "அதுக்கு ஆளு தெரியுமுங்க" என்கிறாள்.

சரி, வெளியே போக வேண்டும் போலிருக்கிறது என்று எழுந்துபோய்க் கதவைத் திறப்பேன். போகாது. முன்னங்கால் இரண்டும் தெருவில், பின்னங்கால் இரண்டும் வீட்டில் என்று வாசற்படியில் நின்று யோசிக்கும். நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "போறதுன்னா போ, வாரதுன்னா வா சாமி" என்று கெஞ்சுவேன். கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். பிறகு உள்ளே வந்துவிடும். கதவைச் சாத்திவிட்டு நான் படுத்த உடனே, வெளியே விடச் சொல்லிக் கத்தும்.

தண்ணீர் டம்ளர் விஷயம் இதைவிட அநியாயம். மேசை ஓரத்தில் டம்ளரைக் கண்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தவறிப்போய்த் தட்டிவிட்டால் மன்னித்துவிடலாம். இது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு விரலால் டம்ளரைத் தள்ளும். கொஞ்சம் தள்ளி நிறுத்தும். "வேண்டாம்" என்பேன். இன்னும் கொஞ்சம் தள்ளும். நான் எழுந்து ஓடி வருவதற்குள் டம்ளர் கீழே கிடக்கும். நான் துடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, எங்கெங்கே ஈரம் விட்டுப்போயிற்று என்று பார்க்கும்.

எலி பிடிக்குமே என்பீர்கள். எலி வந்தது. சூப்பர்வைசர் அதைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்துக் கத்தியது. சீமாற்றை எடுத்துக்கொண்டு எலியின் பின்னால் ஓடியது நான். அட்டாலிப் பரண்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது அது. இதில் யார் பூனை என்று நீங்களே சொல்லுங்கள்.

அதுவாக வேட்டையாடிக் கொண்டுவந்ததும் உண்டு. ஒரு பல்லி வால். அதை என் செருப்புக்குள் வைத்திருந்தது. பூனைகள் அப்படித்தான் பாசம் காட்டும் என்று யாழினி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். செருப்புக்குள் கால் விட்டவனுக்கல்லவா அந்தப் பாசம் தெரியும்.

இத்தனைக்கும் நான் அதற்கு என்ன குறை வைத்தேன்? நல்ல மெத்தென்ற பனியன் வேஸ்ட் துணியாகப் பார்த்து வாங்கிவந்து, உறைக்குள் அடைத்து, நாலு பக்கமும் தைத்து மெத்தை போட்டுக் கொடுத்தேன். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழைய பாடப்புத்தகங்களைப் போட்டு வைக்கலாமென்று கம்பெனியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்திருந்தேன். மூலை நசுங்கிப்போனதால் வேண்டாமென்று கழித்த பெட்டி. அதைத் தரையில் வைத்து நிமிர்வதற்குள் சூப்பர்வைசர் உள்ளே உட்கார்ந்திருந்தது. புத்தகங்கள் இன்றுவரை கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன.

பெட்டி போக அது படுக்கிற இடம் இன்னொன்று உண்டு. அப்போதுதான் அயர்ன் போட்டு, சூடு ஆறாமல் இருக்கிற துணி. கசங்கிய துணி பக்கத்திலேயே மலைபோல் கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது. கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு நான் அயர்ன் போடுகிற பீஸ் கப்பலேறி வெளிநாடு போகிறது. ஒரு சுருக்கம் இருக்காது. வீட்டில் என் சொந்தச் சட்டையில் மட்டும் பூனை அளவுக்கு வட்டமாக ஒரு சுருக்கம்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். வெள்ளகோவிலில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் தங்கை வெள்ளகோவிலில் இருக்கிறாள். அவள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். ஊரே பார்க்க மேடையில் உட்கார வேண்டியவன் நான். அமுதாவும் யாழினியும் முந்தின நாளே போய்விட்டார்கள். விடியற்காலையில் எழுந்து என் வெள்ளைச் சட்டைக்கு அயர்ன் போட்டேன். நான் அதுவரை போட்ட அயர்னிலெல்லாம் சிறந்த அயர்ன் அதுதான். கட்டிலில் கவிழ்த்து விரித்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அன்றைக்கென்று சரோஜாக்கா வீட்டுக் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்; இன்னும் காயவில்லை.

குளித்துவிட்டு வந்தால் சூப்பர்வைசர் சட்டையின்மேல் படுத்திருக்கிறது. விரட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சட்டையை உருவி மாட்டிக்கொண்டு ஓடினேன். வழி முழுக்க முதுகை சீட்டில் சாய்த்துக்கொண்டே போனதால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மேடை ஏறினேன். எனக்குப் பின்னால் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு நாலு சிரிப்பு. தங்கையின் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார்.

"ஏனுங் மச்சான், இது எந்த நாட்டுக்குப் போற பிராண்டுங்க?"

"எதுங்க?"

"முதுகுல பெருசாப் பிரிண்டு அடிச்சிருக்குதே. பச்சைக் கலர்ல நாலு காலு. நல்லாத்தான் இருக்குது. எங்களுக்கும் ரெண்டு டஜன் சொல்லி விடுங்க."

சுற்றி நின்ற உறவுக்காரர்களெல்லாம் சிரித்தார்கள். வீடியோக்காரர் சுற்றி வந்து என் முதுகைத் தனியாக எடுத்தார். காது குத்தும்போது குழந்தைகூட அழவில்லை. என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அயர்ன் மாஸ்டரின் மானம் அன்றைக்குக் கப்பலேறியது.

மூன்று நாள் கம்பெனியில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினேன். கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிற செல்லையா அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர்தான் வழி சொன்னார்.

"இதுக்கு ஏன்வே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீரு? தூரமாக் கொண்டுபோய் விட்டுட்டு வாரும். ஆனா நேராப் போயிராதியும். பூனைக்குத் தெசை தெரிஞ்சா திரும்பி வந்துரும். வழியில மூணு சுத்து சுத்திட்டுப் போணும். கேட்டீரா?"

ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் நாலரைக்கு இமையைத் தொட்டது. இன்றோடு சரி என்று எழுந்தேன். பெட்டிக்குள் கையில் கிடைத்த ஒரு துணியை விரித்தேன். அதுவே ஏறி உட்கார்ந்துகொண்டது. மூடிக் காற்றுக்கு ஓட்டை போட்டு, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு ரவுண்டானாவை மூன்று சுற்றுச் சுற்றினேன். டீக்கடையில் நின்றவர் ஒருவர், "எங்கீங்க போகோணும்?" என்று இரக்கப்பட்டுக் கேட்டார். "சேவூருங்க" என்றேன். "அதுக்கு ஏனுங்க இங்கயே சுத்தறீங்க?" என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. தூங்குகிறது.

சேவூரில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் மாடு கறக்கிற வீடு ஒன்று இருந்தது. நிழல் இருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்தது. நாய் இல்லை. எல்லாம் பார்த்துத்தான் இறக்கி வைத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. பெட்டியைத் திறந்தேன். அது எட்டிப் பார்த்துக் கொட்டாவி விட்டது, இறங்கவில்லை. அதற்காகக் காத்து நிற்க முடியுமா? பெட்டியோடு விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் யாழினி எழுந்திருந்தாள்.

"அப்பா, சூப்பர்வைசர் எங்கீங்க?"

"அது... அதுவாப் போயிருச்சு கண்ணு. பூனைக அப்படித்தான்."

அவள் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தாள்.

"பெட்டியும் அதுவாவே போயிருச்சுங்களா?"

நான் கை கழுவப் போனேன். அடுப்படியிலிருந்து அமுதா என்னைப் பார்த்த பார்வையில் கையை இரண்டு தடவை கழுவினேன்.

யாழினி அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். பூனையின் சோற்று வட்டலை எடுத்துக்கொண்டு, அதில் கரண்டியால் தட்டிக்கொண்டே தெருத் தெருவாகப் போனாள். "சூப்பர்வைசர்! சூப்பர்வைசர்!" என்று கூப்பிடுகிற சத்தம் கோடித் தெருவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சரோஜாக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து தேடினார். நான் ஒரு பொய்தான் சொன்னேன். அதற்கு ஒரு தெருவே வெயிலில் அலைந்தது.

மத்தியானம் சூப்பர்வைசர் பிடித்துக்கொள்கிற, ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் என் இடம் ஒரு வருஷம் கழித்து எனக்கே கிடைத்தது. காலை நீட்டிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வெயில் அப்படி. மேசை ஓரத்தில் தண்ணீர் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை யாரும் தொடாமலே ஐந்து மணிக்கு விழித்துவிட்டேன். கம்பெனிக்குப் போனால், கேட்டுக்கு உள்ளே கூட்டம். சேவூர்ப் பக்கத்து ஆட்களை ஏற்றி வரும் கம்பெனி வேன் நின்றுகொண்டிருந்தது. செக்கிங்கில் வேலை செய்கிற மல்லிகா ஒரு அட்டைப்பெட்டியை அண்ணாச்சியின் மேசைமேல் வைத்தாள்.

"நம்ம கம்பெனிப் பெட்டிங்க. பஸ் ஸ்டாப்புல கெடந்துச்சு. கம்பெனி சாமானை ரோட்டுல உட்டுட்டு வந்தா நாளைக்கு நம்மளையல்லோ கேப்பாங்க? அதான் ஏத்தியாந்துட்டோம்."

பெட்டியின் நாலு பக்கமும் கம்பெனியின் பெயர், கட்டை விரல் தடிமனில் அச்சடித்திருந்தது. இருபது வருஷமாகப் பார்க்கிற பெட்டி. அதில் பெயர் இருப்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"உள்ள என்னம்மா?" என்றார் அண்ணாச்சி.

"பூனைங்க. முன்சீட்டுல மடியில வெச்சுட்டு வந்தோம். சொகமாத் தூங்கிட்டு வந்துச்சு."

கேட்டுக்குள் எது வந்தாலும் நோட்டில் எழுத வேண்டியது அண்ணாச்சியின் வேலை. எழுதினார்: 'பெட்டி ஒன்று. உள்ளே பூனை ஒன்று. தூங்குகிறது.' நான் கூட்டத்துக்குப் பின்னால் குனிந்து நழுவப் பார்த்தேன். அண்ணாச்சி பூனையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, அடியில் கிடந்த துணியை உருவி விரித்தார். வெள்ளைச் சட்டை. முதுகில் பச்சையாக நாலு கால்.

அந்தக் கதையைக் கேட்காதவர் கம்பெனியில் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"மூணு சுத்து சுத்தினீரா வே?"

"சுத்துனனுங்க."

"பூனைக்குத் தெசை தெரியக்கூடாதுன்னு சுத்தச் சொன்னேன். நீரு பெட்டியில அட்ரஸ எழுதியில்லா விட்டுட்டு வந்திருக்கீரு."

மல்லிகா சிரிக்கவில்லை. செக்கிங்கில் இருக்கிறவள், சட்டையை வாங்கித் தையல் தையலாகப் பார்த்தாள். காலரைத் தடவினாள்.

"ஏனுங்கண்ணா, இது அயர்ன் போட்ட சட்டையாட்ட இருக்குது?"

"வீணாப் போன சட்டைதானுங்க."

"அது தெரியுதுங்க. கொண்டுபோய்த் தொலைக்கற பூனைக்கு யாராவது அயர்ன் போட்டு விரிச்சு உடுவாங்களா?"

கசங்கின துணியில் அது படுக்காது என்று இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஷிப்ட் பெல் அடித்தது. ஓடிப்போய்விட்டேன். அன்று முழுக்க அண்ணாச்சியின் நாற்காலியில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்ததாகவும், அண்ணாச்சி நின்றுகொண்டே கேட் பார்த்ததாகவும் கேள்வி.

சாயங்காலம் பெட்டியோடு வீட்டுக்குப் போனேன். யாழினி ஓடி வந்து பூனையைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதுவாகத் திரும்பி வந்தது என்று சொல்லியிருக்கலாம். வேனில் வந்ததால் அது பாதி உண்மைகூட. ஆனால் பிள்ளைகளே, காலையில் நூறு பேருக்குத் தெரிந்த ஒன்றை மகளிடம் மட்டும் எப்படி மறைப்பது? ரவுண்டானா முதல் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் கண்ணு. பொய்யும் சொல்லீட்டேன்."

அவள் பூனையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க? அதுகிட்டச் சொல்லுங்க."

இருபது வருஷ சர்வீஸ் உள்ள அயர்ன் மாஸ்டர் ஒரு பூனையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "சாரிங்க" என்றேன். அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மேசைக்குத் தாவியது. ஒரு விரலை நீட்டியது. டம்ளர் விழுந்தது. யாழினி சிரித்துவிட்டாள். ஒரு நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே நான் தரையைத் துடைத்தேன்.

அந்த வெள்ளைச் சட்டை இப்போது அதன் பெட்டியில் கிடக்கிறது. பூனை படுக்கிற துணிக்கு யாராவது வாராவாரம் அயர்ன் போடுவார்களா என்று தெருவில் கேலி பேசுகிறார்கள். போடாமல் என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் நாலரைக்கே எழுப்பிவிட்டு, நான் கையைத் துணியில் வைத்துச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்வரை பக்கத்திலேயே காத்துக்கொண்டு நிற்கிறதே.