ஏற்புரை

“விசாரிக்காமல் தண்டித்தால், அரசனே ஆனாலும் குற்றவாளிதான்!”

ஒலிபெருக்கியில் முழங்கிவிட்டு, கைதட்டலுக்காக நிறுத்தினார் நாறும்பூநாதன். ஒரு கைகூடத் தட்டவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சக பேராசிரியர் கார்த்திகேசன் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“யாரு முன்னால என்னவே பேசுதீரு? அண்ணாச்சி மொகத்தப் பாரும்.”

பார்த்தார். 

நாறும்பூநாதனின் புத்தகத்தை வெளியிட வந்திருந்த ஐயம்பெருமாள் அண்ணாச்சி, இருவரும் வேலை பார்க்கும் கல்லூரியின் செயலாளர். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். போன மாதம்தான் கணக்கு வாத்தியார் ஒருவரை, ஏன் எதற்கு என்று கேட்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அந்த அண்ணாச்சி இப்போது நாற்காலி நுனிக்கு நகர்ந்து, புருவம் நெரிய, இவரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

பாபநாசத்திலிருந்து கடல் வரைக்கும் ஆற்றங்கரைக் கோயில்களில் வௌவால் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு கல்வெட்டு படித்து, பத்துப் பதினைந்து வருஷம் உழைத்து எழுதிய புத்தகம். இடைக்காலப் பாண்டிய நாட்டில் அரசனும் சட்டத்துக்கு அடங்கியவன் என்பதுதான் அதன் உயிர். அந்த உயிரைப் பார்த்தால் இருபது வருஷக் கல்லூரி வேலையின் உயிர் போய்விடும் போலிருந்தது.

“அதாவது...” குரல் தானாக இறங்கியது. “எல்லா அரசர்களையும் சொல்லவில்லை. சிலரை மட்டும்.”

அண்ணாச்சியின் முகம் இன்னும் சுருங்கியது.

“சிலருன்னா யாருன்னு கேக்க மாட்டாவளா? சரியா மாட்டுனீரு!” என்றார் கார்த்திகேசன்.

நாறும்பூநாதன் ஒலிபெருக்கியிலிருந்து சற்று விலகினார். “நல்ல அரசன், அவசரம் கருதி, விசாரணையைத் தவிர்க்கலாம்” என்றார், பாதி முனகலாக.

அண்ணாச்சி மேசையைப் படபடவென்று தட்டினார்.

“உண்மையில்... அரசன் தவறே செய்ய முடியாது. அவன் நினைப்பதே சட்டம்.” அது முன்வரிசைக்கே சரியாக எட்டவில்லை.

அது காதுக்கு எட்டிய மாணவி சுகன்யா எழுந்தாள். “சார், புத்தகத்துல நேர்மாறால்லா எழுதியிருக்கீங்க?”

“அச்சுப்பிழை!”

“எந்தப் பக்கத்துல சார்?”

“எல்லாப் பக்கத்துலயும்!”

ராவும் பகலுமாக உட்கார்ந்து பிழை திருத்திய மனைவி வேணி, முன்வரிசையில் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி சட்டென்று எழுந்தார். “நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாரும்!” என்று அரங்கமே அதிரச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

“முடிஞ்சுது சோலி” என்றார் கார்த்திகேசன்.

வேணி மேடையருகே வந்தாள். “வேலை போனா போகட்டும். இந்தப் புத்தகத்த இனி எந்த மொகத்தோட கையில எடுப்பீங்க?”

நாறும்பூநாதன் வாசலுக்கு ஓடினார். அண்ணாச்சி அம்பாசிடரின் பின்சீட்டில் ஏறிவிட்டிருந்தார். டிரைவர் முத்துமாலை கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

“ஏலே முத்துமாலை, அண்ணாச்சி ரொம்பக் கோவமா இருக்காவளா?”

“கோவமா? உங்க புத்தகத்த ஒரு வாரமாப் படிச்சுட்டு, ‘என்னையவே தட்டிக் கேக்க பயப்படாத மனுசன், இவரத்தான் அடுத்த பிரின்சிபாலாப் போடணும்’னு சொல்லிக்கிட்டிருக்காவ சார், இன்னைக்குக் காது மிஷின் பேட்டரி தீந்துபோனதுல, நீங்க பேசுனதுதான் ஒரு வார்த்தகூட கேக்கலையாம்!”