டவர் கொடுத்த ஞானம்

மளிகைக் கடைக்கு மேல் மாடியில் ஞானி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்க நின்ற வரிசை படியிறங்கி, தெருவைத் தாண்டி, எதிரே தையற்கடை வாசலையே அடைத்துக்கொண்டது. தையற்காரர் கோபப்படவில்லை. அவரும் வரிசையில்தான் நின்றார்.

முன்பெல்லாம் ஞானி இப்படி இல்லை. கேள்வி கேட்டால் கண்ணை மூடுவார். கேட்டவர் கொட்டாவி விட்டு, கூரையைப் பார்த்து, வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று கவலைப்பட்டு முடித்த பிறகே பதில் வரும். அதற்கு ஆழ்ந்த தியானம் என்று பெயர். பிறகு தெருமுனை டவரில் ஆட்கள் ஏறி, புதுக் கருவிகளை மாட்டிவிட்டு இறங்கினார்கள். அந்த வாரமே தியானம் சுருங்கிப்போனது. கேள்வி முடியும் முன்பே பதில்! பிள்ளைகளின் பெயர், பறிபோன வேலை, மறைத்ததாக நினைத்த வியாதி எல்லாம் மடை திறந்தது போல் கொட்டியது. ஊர் அவருக்கு ‘நொடி ஞானி’ என்று பட்டம் கட்டியது. டவருக்கு வேகம் வந்த வாரமும் தவத்துக்கு வேகம் வந்த வாரமும் ஒன்றாக இருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வரிசையில் நிற்பவர் யோசிக்க நின்றால் பின்னால் இருப்பவர் முந்திவிடுவாரே!

மீனும் பழமும் வைக்கும் குளிர்கிடங்கின் முதலாளியும் அந்த வரிசையில் ஒருநாள் நின்றார். இதயத்தில் அடைப்பு, ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று தங்கையையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே ஞானி அவரைப் பெயர் சொல்லி அழைத்து, நெஞ்சில் அடைப்பு என்றும், கத்தி பட்டால் உயிர் தங்காது என்றும் சொல்லிவிட்டார். முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியை ரத்து செய்தார். மனைவி அழுதாள், சண்டை போட்டாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். அவர் அசையவில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் பாதியில் நின்று, சாவியைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவுவார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

தங்கை கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். பிரேக் எது என்று தெரியாதவர்கள் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பழகியவள் எளிதில் பதற மாட்டாள். அன்று மாடியில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். வேறொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஞானி, “உன் மூத்த பொண்ணுக்கு…” என்று ஆரம்பித்து வாய் திறந்தபடியே நின்றுவிட்டார். அதே நேரத்தில் வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நெட் போச்சு என்று முணுமுணுத்தார்கள். வந்துருச்சு என்று ஒருவர் சொன்னதும் ஞானிக்கும் வந்துவிட்டது.

அண்ணனிடம் சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒரு பேரம் பேசினாள்.

“அண்ணே, அவர நம்ம கிடங்குக்குக் கூட்டிட்டு வா. குளிர் அறைக்குள்ள வச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். சரியா சொல்லிட்டா ஆபரேஷன் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

அவர் ஒத்துக்கொண்டார். பெரிய இடத்து அழைப்பு என்று ஞானியும் மனம் குளிர வந்தார். பின்னால் தையற்காரர் உட்பட ஒரு கூட்டம்.

குளிர் அறைக்குக் கனமான இரும்புச் சுவர், இரும்புக் கதவு. உள்ளே போன் வேலை செய்யாது. வேலையாட்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசக்கூட வெளியே வந்தாக வேண்டும். கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த இந்த விஷயம் எல்லாம் தெரிந்த ஞானிக்கு மட்டும் தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டுத் தங்கை கேட்டாள். “எங்க அண்ணனுக்கு ஆபரேஷன் வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க. அவருக்கு என்ன வியாதி?”

ஞானி கண்ணை மூடினார். பழைய ஆழ்ந்த தியானம் திரும்பி வந்துவிட்டது. காதைத் தட்டினார், தேய்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் அருளவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தார். முதலாளி குளிர் தாங்காமல் வயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வயித்துல கட்டி. மருந்துலயே கரைஞ்சிரும்.”

“வயிறா?” என்றார் முதலாளி.

“வயிறுன்னா… வயித்துக்குக் கொஞ்சம் கீழ.”

“நெஞ்சு மேல இருக்குங்க” என்றாள் தங்கை.

குளிர் தெய்வீக அலைகளை உறைய வைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஞானி கதவைத் தள்ளினார். காதைத் தேய்த்த வேகத்தில் பயறு போல ஏதோ ஒன்று கீழே விழுந்து, மீன் பெட்டிகளுக்கு அடியில் ஓடி மறைந்தது. அவர் வெளியே வந்தார். கூட்டமும் வந்தது. கதவு சாத்திக்கொண்டது. காதுக்குள் ரகசியமாகப் பேச வேண்டியதற்குக் காது கிடைக்கவில்லை. ஆகவே அவர் இடுப்பில் செருகியிருந்த போனிலிருந்து ஒரு பெண்குரல் ஊருக்கே கேட்கும்படி பேசியது.

“இணைப்பு திரும்பக் கிடைத்தது. எதிரில் இருப்பவருக்கு இதய அடைப்பு. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அதையே தொடரவும். பச்சைச் சட்டைக்காரர் தையற்காரர். மகன் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிடைக்கும் என்று சொல்லவும்.”

தையற்காரர் தன் பச்சைச் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “என் பையன் விண்ணப்பிச்சது இதுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதானே போட்டோ புடிச்சு ஊரே பாக்கற மாதிரி போட்டீங்க” என்றாள் தங்கை.

ரகசியம் அவ்வளவுதான். வரிசையில் சேரும்போதே எல்லோரும் பெயரையும் நம்பரையும் கொடுப்பார்கள். அவர்களே நெட்டில் கொட்டி வைத்ததைச் செயற்கை அறிவு பொறுக்கி எடுக்கும். கழுத்துப் பதக்கத்துக்குள் இருந்த கேமரா ஆளைக் காட்டும். காதுக்குள் இருந்த பயறு பதிலை ஓதும். பழைய டவரில் பதில் தவழ்ந்து வந்தது, அது தியானம். புது டவரில் பறந்து வந்தது, அது ஞான சித்தி.

யாரும் அடிக்கவில்லை. போலீஸ் வரும்வரை அவரைப் பழப்பெட்டி மேல் உட்காரவைத்தார்கள். இடுப்பு மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது முதலாளி காரில் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பிறகு, “அந்த டாக்டர் நம்பர் இருக்கா?” என்றார். தங்கை வண்டியை ஓரங்கட்டினாள். கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. மறுநாள் டாக்டரிடம் பிழைப்பேனா என்று கேட்டார். ஸ்கேனை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். உடனே பதில் சொல்லாத ஒரு மனிதரைப் பார்த்ததில் முதலாளிக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

தெருவில் மறுபடியும் வரிசை நிற்கிறது. இம்முறை செல்போன் கடை வாசலில். ஞானியின் இடுப்பில் பேசியது எந்த ஆப் என்று கேட்கிறார்கள். முதல் ஆள் தையற்காரர்.

வேகமான டவர் எந்தப் பதிலையும் கேட்ட நொடியில் கொண்டுவந்து கொட்டும். அது உண்மையா என்று பார்க்கக் கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் மனமில்லாதவர்களை நம்பித்தான், அடுத்த ஞானி இப்போதே வாடகைக்கு மாடி தேடிக்கொண்டிருக்கிறார்.